பிள்ளைகளின் பல்லும் சர்க்காரின் பாடமும்

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும். சில பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக் கொண்டு சிரிக்கும். பொத்திய கைக்குப் பின்னால் இருப்பது மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்த பற்கள். ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று திட்டு வாங்குவதும் அந்தப் பிள்ளைதான். பெண் பிள்ளையாக இருந்துவிட்டால், கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் பல்லே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். குற்றம் பிள்ளையின் மேலும் இல்லை, பெற்றவள் மேலும் இல்லை. குடித்த தண்ணீரில் இருக்கிறது. அதைத் தவிர வேறு தண்ணீர் கொடுக்காமல் எத்தனையோ வருஷம் காலம் தள்ளியவர்கள் மேல் இருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிகளிலும் ஊர்களிலும் சுற்றுச்சூழல் கல்வி கொடுக்க மாநிலம் முழுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த காலநிலை மகாநாட்டில், காலநிலைக் கல்விக்கென ஒரு கொள்கை வகுக்கப்படும் என்று முதல் மந்திரி மு. க. ஸ்டாலின் அறிவித்தார். நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பதோடு நின்றுவிட நம்மால் முடியாது. ஏனென்றால் இந்தப் பேச்சு புதிதல்ல.

1991-ம் வருஷம் நவம்பரில், எம். சி. மேத்தா என்ற வக்கீல் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், சினிமாக் கொட்டகைகளில் அதைப் பற்றிய சிலைடு காட்ட வேண்டும், ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2003 டிசம்பரில், பாடத் திட்டம் எங்கே என்று அதே கோர்ட் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் தேசியப் பசுமைப் படை வந்தது. பள்ளிக்குப் பள்ளி சுற்றுச்சூழல் மன்றம் வந்தது. ஜூன் 5-ம் தேதி மரக்கன்று நடுவதும், ஓவியப் போட்டி வைப்பதும், பேரணிக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதும் நடந்து வருகின்றன. மரம் நடுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நட்ட பையன் தாகம் எடுத்துப் பள்ளிக் குழாயில் வாய் வைக்கும்போது, உள்ளே போகும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, கற்றுக் கொடுத்த உபாத்தியாயருக்கும் தெரியாது என்றால், அந்தக் கல்விக்கு என்ன பெயர் வைப்பது?

தண்ணீரில் இருப்பது புளோரைடு. தர்மபுரி ஜில்லா கெட்டிப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் பூமி. கருங்கல் பாறையிலும் அதன் இனத்துப் பாறைகளிலும் புளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழை நீர் பாறை இடுக்குகளில் இறங்கி வெகு காலம் தங்கினால் அந்தக் கனிமம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரில் சேரும். ஏரியும் கிணறும் தண்ணீர் கொடுத்த காலத்தில் ஜனங்கள் பெரும்பாலும் மேல்மட்டத்து நீரைக் குடித்தார்கள். ஏரிகள் தூர்ந்தன, கிணறுகள் வற்றின, ஆழ்துளைக் கிணறு வந்தது. ஐந்நூறு அடி போதவில்லை என்று ஆயிரம் அடிக்குப் போனவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து வருவது பாறையோடு நெடுநாள் குடும்பம் நடத்திய தண்ணீர். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சரியாகாது. ஆவி போகப் போக மிஞ்சிய நீரில் புளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். காலராவுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை இதற்கு அப்படியே ஒப்பித்தால் இதுதான் நடக்கும்.

பல் முளைத்து உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, இந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைக்குப் பல்லில் கறை விழுகிறது. விழுந்த கறை ஆயுளுக்கும் போகாது. வருஷக் கணக்காகக் குடித்தால் புளோரைடு எலும்பில் சேருகிறது. முதுகு விறைக்கிறது, கழுத்து திரும்ப மறுக்கிறது, மூட்டு வலிக்கிறது, முற்றினால் எலும்பே கோணுகிறது. குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் முதுகு போனால் கூலி போயிற்று. நாற்பத்தைந்து வயதில் கிழவனாகிவிட்டான் என்று ஊர் சொல்லும். வேலைக் களைப்பு என்று அவனும் நினைத்துக் கொள்வான். இந்த நோய் நம் நாட்டில் இருக்கிறது என்பது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியும் அல்ல. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இதைக் கண்டு 1937-லேயே வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள்.

இங்கே உழைப்பாளி மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் புளோரைடு வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார ஸ்தாபனமும் ஒன்றரை என்றே சொல்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கணக்குகள் ஒரு ஆள் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் போலத் தண்ணீர் குடிப்பான் என்று எண்ணிப் போடப்பட்டவை. மின் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது சரி. சித்திரை வெயிலில் கல் உடைக்கிறவன், செங்கல் சூளையில் நிற்கிறவன், மரவள்ளி பிடுங்குகிறவள் எவ்வளவு குடிக்கிறார்கள்? நான்கு லிட்டரும் ஐந்து லிட்டரும் குடித்தால்தான் நிற்க முடியும். ஒரே குழாய், ஒரே தண்ணீர். ஆனால் உடலில் சேரும் நஞ்சு வேலைக்குத் தக்கபடி இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. வெப்பப் பிரதேசத்தில் குடிக்கும் அளவையும் கணக்கில் எடுத்து வரம்பு வகுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது. கூலி வேலைக்காரனின் தாகத்தை அளந்து வரம்பு போட்ட அதிகாரி எவராவது உண்டா?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானிடம் கடன் வாங்கி, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் முடித்து, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஆயிரக் கணக்கான குடியிருப்புகளுக்குக் காவேரித் தண்ணீர் போகிறது. இது மக்கள் வெகு காலம் கேட்டு, போராடிப் பெற்ற திட்டம். அதன் முழுப் பெயர் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். இந்தப் பெயரின் முதல் பாதியைக் குழாயாகப் பார்க்கிறோம். இரண்டாம் பாதியைத்தான் இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீட்டில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். இரண்டு குடம் பிடித்துக் குடிக்க எடுத்து வைக்கிறார்கள். களி கிண்டுவதும் சோறு வடிப்பதும் சாம்பார் வைப்பதும் போர்த் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரின் புளோரைடு களியோடும் குழம்போடும் வயிற்றுக்குள் போகிறது. குழாயில் காவேரி வராத நாளில் குடிப்பதும் அதையேதான். போட்ட திட்டம் போதவில்லை என்பதால்தான் இரண்டாம் கட்டம் வேண்டியிருக்கிறது. அது முடிகிற வரைக்கும் எந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவது என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டுமா? மனம் வேண்டும். ஆளும் நேரமும் வேண்டும்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது; சுண்ணாம்புச் சத்தும் நெல்லிக்காய் போன்றவற்றிலுள்ள சத்தும் போதிய அளவு உடம்பில் இருந்தால் புளோரைடின் கொடுமை குறையும்; முருங்கைக் கீரை நல்லது. இது ஒரு பக்கம். புளி சேர்த்துச் சாப்பிட்ட பள்ளிப் பையன்களுக்குச் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். தேயிலையோ தன் பங்குக்குப் புளோரைடைக் கொண்டுவருகிறது. பாலுக்கு வழியில்லாமல் பிள்ளைக்கு வெறும் டீயைக் கொடுத்துப் பசியாற்றும் வீட்டில் கேடு இரட்டிப்பு. அரை வயிற்றுப் பிள்ளையைத்தான் இந்த நோய் கடுமையாகத் தாக்கும். ஆகையால் இதற்கான பாடம் தண்ணீரோடு முடியாது. கூலி, ரேஷன், மதிய உணவில் முட்டை, எல்லாம் இந்தப் பாடத்துக்குள் வரும். வராமல் செய்தால் அது பாடமே அல்ல.

இப்படிப் பாடம் நடத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, ஒகேனக்கல்லுக்குக் கடன் கொடுத்த அந்த ஜப்பானிலிருந்தே ஒரு சங்கதி சொல்கிறோம். 1963-ம் வருஷக் கடைசியில் அங்கே மிஷிமா, நுமாஸு என்ற ஊர்களை ஒட்டிப் பெரிய பெட்ரோலிய ரசாயன ஆலைக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். புகையால் கெடுதல் வராது, காற்று அதைக் கொண்டு போய்விடும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். யோக்காய்ச்சி என்ற ஊரில் இம்மாதிரி ஆலைகளின் புகையால் ஜனங்கள் மூச்சு முட்டித் தவிப்பதை நுமாஸு ஊரார் கேள்விப்பட்டிருந்தார்கள். நுமாஸு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மே மாதத்தில் ஜப்பானியர் வீடுதோறும் கம்பத்தில் மீன் வடிவத் துணிக் கொடி கட்டிப் பறக்கவிடுவது வழக்கம். எந்த மணிக்கு எந்த வீட்டுக் கொடி எந்தத் திசையில் பறக்கிறது என்று மாணவர்களைக் குறித்து வரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் படத்தில் ஏற்றிப் பார்த்தபோது, புகை கடலுக்குப் போகாது, ஊருக்குள்தான் சுற்றும் என்பது வெளிச்சமாயிற்று. மீன் பிடிக்கிறவர்களும் விவசாயிகளும் குடும்பப் பெண்களும் நூற்றுக் கணக்கான படிப்புக் கூட்டங்கள் நடத்தினார்கள். 1964-லேயே திட்டம் கைவிடப்பட்டது. மெத்தப் படித்த நிபுணர்களின் அறிக்கையைப் பள்ளிப் பையன்கள் துணிக் கொடியை வைத்துத் தோற்கடித்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு மீன் கொடி தேவையில்லை. சோதனைக் குழாய் போதும். நீரில் ஒரு மருந்தைச் சில சொட்டு விட்டால், புளோரைடு கூடியிருக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் மஞ்சளாக மாறும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட சோதனைப் பெட்டிகள் சர்க்காரிடம் இருக்கின்றன. 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த ஐந்து பெண்கள் யார் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். பெட்டி எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்றும் கேளுங்கள்.

தர்மபுரியின் பாடம் தண்ணீர் என்றால் திருப்பூரின் பாடம் சாயம். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனதை அங்குள்ள பிள்ளைகள் படிக்க வேண்டும். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் தோல் ஷாப்புக் கழிவைப் படிக்க வேண்டும். கொடைக்கானல் பிள்ளைகள், 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைப் படிக்க வேண்டும். சென்னையில் அச்சடித்த ஒரே புத்தகத்தில் வட துருவத்துப் பனிக் கரடியின் படத்தைப் போட்டு எல்லா ஜில்லாவுக்கும் அனுப்பிவிட்டு, மாநிலத் திட்டம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஏற்க முடியாது. பனிக் கரடியும் பிழைக்கட்டும். அதற்கு நமக்கு ஒரு விரோதமும் இல்லை.

ஆலைக்குள்ளேயும் சுற்றுச்சூழல் உண்டு. இந்த ஜில்லாவிலிருந்து எத்தனையோ பெண்கள் கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது, மூச்சுத் திணறுகிறது, மறுநாள் கொஞ்சம் தேவலை என்றால் அது சளி அல்ல. பஞ்சுத் தூசி நுரையீரலில் வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அடையாளம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இந்த நோய் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தது; கண்ட டாக்டர் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்திலாவது, எந்த மில் ஹாஸ்டலிலாவது இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா? வயலில் மருந்து அடிக்கிற தொழிலாளிக்கு, டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பாக இருந்தால் கொடிய விஷம், மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கும் அடுத்தது, பச்சை குறைந்தது என்று எவர் சொன்னார்? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிய வேண்டும் என்றுதான் நிறம் வைத்தார்கள். நிறத்துக்கு அர்த்தம் சொல்லத்தான் ஆள் வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சுற்றுச்சூழலைக் கெடுப்பவன் ஏழை, காக்கிறவர் அதிகாரி என்ற பாடத்தை நமக்கு வெகு நாளாகச் சொல்லி வருகிறார்கள். விறகு பொறுக்குகிறவள் காட்டை அழிக்கிறாளாம். இந்தப் பாடத்தின் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை அரூர் தாலுகா வாச்சாத்தி கண்டது. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீஸாரும் ரெவின்யூ சிப்பந்திகளும் அந்த மலைவாழ் மக்களின் ஊரில் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு நடக்கும்போதே இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை ஹைக்கோர்ட் அதை உறுதி செய்தது. காட்டைப் பற்றித் தர்மபுரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறவர்கள் வாச்சாத்தியை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்ப் பாடம். கட்டை யார் வெட்டச் சொல்லி வெட்டப்பட்டது, லாரி யாருடையது, பணம் எங்கே போயிற்று என்று கேட்கக் கற்றுக் கொடுப்பதும் சுற்றுச்சூழல் கல்விதான்.

ஊராருக்குக் கல்வி கொடுப்பது முடியாத காரியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இந்த மாநிலத்துச் சர்க்காருக்கு வழியில்லை. 1990-க்குப் பின் வந்த அறிவொளி இயக்கம் நமக்கு நினைவிருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவில் எழுத்துக் கற்ற கூலிப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். கல் குவாரியில் உடைத்துக் கொண்டிருந்த பெண்கள் குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு, அவர்கள் தெருவிலேயே, அவர்கள் பேச்சிலேயே வகுப்பு நடந்ததால்தான் அது நடந்தது. பகல் பதினொரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் மண்டபத்தில் 'விழிப்புணர்வு முகாம்' என்று பேனர் கட்டினால், கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

உபாத்தியாயர்களின் தரப்பையும் நாம் யோசிக்கிறோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கும் பள்ளியில், மன்றம், பதிவேடு, போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது என்று வேலையை ஏற்றிக்கொண்டே போனால் எந்தப் பாடமும் நடக்காது. ஒன்றியத்துக்கு ஒரு நீர்ச் சோதனை உபாத்தியாயரை இதற்கென்றே நியமியுங்கள். பள்ளிகளுக்குச் சோதனை மருந்தைத் தவறாமல் கொடுங்கள். சத்துணவும் காலை உணவும் சமைக்கும் அடுப்புக்குக் காவேரித் தண்ணீரை முதலில் கொண்டு வாருங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அந்த ஐந்து பெண்களும் சேர்ந்து சோதிக்கட்டும். அளவு கூடின கிணற்றின் நீரைக் குடிநீர் வாரியத்தின் சோதனைச் சாலை சரி பார்க்கட்டும். மாநிலத் திட்டத்தில் தர்மபுரிக்கென்று எழுத வேண்டியது இவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். எத்தனை லிட்டர், எத்தனை லட்சம் ரூபாய், எந்த வருஷம், யார் திறந்து வைத்தது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் புளோரைடு என்று எழுதியிருக்காது. அதை எழுத வேண்டும். சோதித்த தேதியோடு, ஒவ்வொரு தொட்டியிலும், ஒவ்வொரு கைப்பம்பிலும் எழுத வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால், இது குடிக்கவும் சமைக்கவும் ஆகாது என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். மே 1-ம் தேதி ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. உழைப்பாளிகளின் திருநாளான அன்று விவசாயத் தொழிலாளர்களும், லீவுக்கு ஊர் வந்திருக்கும் மில் தொழிலாளர்களும் சபைக்குப் போய், நம் ஊர்த் தண்ணீரின் கணக்கைப் படியுங்கள் என்று கேட்க வேண்டும். கணக்கு இல்லை என்று சொன்னால், சோதிப்பதற்குத் தேதி குறிக்கும் தீர்மானத்தை அங்கேயே எழுதி வாங்க வேண்டும்.